கல்லூரிக் கூடைப்பந்து வீரர்களுக்கான சுற்றுப் பயிற்சி: உடல் பெறும் பலன்களும் கவனிக்க வேண்டிய அறிகுறிகளும்

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்த மாணவ, மாணவியர் பெரும்பாலும் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள்கள் சுற்றுப் பயிற்சியில் ஈடுபடுகின்றனர். அவர்களுடைய பெற்றோரும் பாதுகாவலர்களும் மருத்துவரிடம் பொதுவாக இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். இப்பயிற்சியால் உடலுக்கு உண்மையில் என்ன நன்மை? பயிற்சி முடிந்து பிள்ளை களைத்து வீடு திரும்புவது இயல்பானதா, அல்லது அஞ்ச வேண்டியதா? இவ்விரு கேள்விகளுக்கும் இப்பக்கத்தில் விளக்கம் அளிக்கப்படுகிறது.

சுற்றுப் பயிற்சி என்றால் என்ன?

பல்வேறு உடற்பயிற்சிகளை வரிசையாக அமைத்து, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட நேரம் செய்து, மிகக் குறைந்த ஓய்வுடன் அடுத்ததற்கு மாறிச் செல்வதே சுற்றுப் பயிற்சியாகும். ஒவ்வொரு பயிற்சிக்கும் உரிய இடம் 'நிலை' எனப்படும். எல்லா நிலைகளையும் முடித்தால் ஒரு சுற்று நிறைவடையும்.

இம்முறையை 1953-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்னும் உடற்கல்வியாளர் இருவர் உருவாக்கினர். அவர்களுடைய முறையில் கவனிக்கத்தக்க ஒரு விதி இருந்தது. ஒருவர் ஒரு பயிற்சியை அதிகபட்சமாக எத்தனை முறை செய்ய இயலும் என்பதை முதலில் சோதித்து, அதில் ஏறத்தாழப் பாதியையே அவருக்குரிய பயிற்சி அளவாக நிர்ணயித்தனர். எனவே ஒரே நேரத்தில் பலர் பயிற்சி செய்தாலும், ஒவ்வொருவரின் அளவும் வேறாக இருந்தது. அணியில் உள்ள அனைவருக்கும் ஒரே எண்ணிக்கையை விதிக்கும் வழக்கம் இந்த அடிப்படைக்கு மாறானது. காயங்களுக்கும் அளவுக்கு மீறிய களைப்புக்கும் அதுவே பல நேரங்களில் காரணமாகிறது.

கூடைப்பந்து ஆட்டத்திற்கு எத்தகைய உடல்தகுதி தேவை?

கூடைப்பந்து மைதானம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. பன்னாட்டு விதிகளின்படி ஆட்டம் 10 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறுகிறது. இந்நேரத்தில் வீரர் சீராக ஓடிக்கொண்டிருப்பதில்லை. சில விநாடிகள் விரைந்து ஓடி, திடீரென நின்று, உயரத் தாவி, பக்கவாட்டில் நகர்ந்து, மீண்டும் ஓடுகிறார்.

சில விநாடிகளே நீடிக்கும் விரைவோட்டத்திற்கும் தாவலுக்கும் தசையில் சேமிக்கப்பட்டுள்ள கிரியேட்டின் பாஸ்பேட் ஆற்றல் அளிக்கிறது. இச்சேமிப்பு சுமார் 10 விநாடிகளில் பெருமளவு தீர்ந்துவிடும். அது மீண்டும் நிரம்புவதற்கு ஆக்சிஜன் தேவை. ஆகவே, ஆட்டத்தின் கடைசிப் பகுதியிலும் முதற்பகுதியில் இருந்த வேகத்துடன் ஓட, தசை வலிமையும் இதயம், நுரையீரல் ஆகியவற்றின் திறனும் ஒருங்கே அமைய வேண்டும். குறுகிய ஓய்வுடன் மீண்டும் மீண்டும் உழைக்கும் சுற்றுப் பயிற்சி இவ்வாட்டத்திற்குப் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

உடலில் ஏற்படும் மாற்றங்கள்

• முதல் மூன்று, நான்கு வாரங்களில் தசையின் பருமன் அதிகம் மாறுவதில்லை. மூளையும் நரம்புகளும் தசை நார்களை ஒருங்கிணைத்து இயக்கப் பழகுவதாலேயே வலிமை கூடுகிறது.
• தொடர்ந்து பயிற்சி செய்யும்போது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. இதனால் ஓய்வு நிலையில் நாடித் துடிப்பு குறைகிறது. விரைவோட்டத்திற்குப் பிறகு மூச்சும் நாடியும் முன்பைவிட விரைவாக இயல்புக்குத் திரும்புகின்றன.
• தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களும், ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. எனவே களைப்பு தாமதமாகத் தோன்றுகிறது.
• தொடை, இடுப்பு, வயிறு, முதுகுத் தசைகளின் தாங்குதிறன் கூடுகிறது. தாவி இறங்கும்போது முழங்காலையும் கணுக்காலையும் நிலையாக வைத்திருக்க இது உதவுகிறது.

இப்பயிற்சியால் மட்டும் கிடைக்காதவை

சுற்றுப் பயிற்சியின் பலனுக்கு எல்லை உண்டு. எடை தூக்கும் சுற்றுகளில் நாடித் துடிப்பு மிகவும் உயர்ந்தாலும், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவு அதே விகிதத்தில் உயர்வதில்லை. எனவே ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறனை வளர்ப்பதில் ஓட்டப் பயிற்சியே மேலானது. தாவும் உயரத்தைக் கூட்டும் பயிற்சிகளைக் களைப்பில்லாத நிலையில், போதிய ஓய்வுடன் செய்ய வேண்டும். சுற்றின் நடுவே களைத்த நிலையில் தாவுவது தாங்குதிறனை வளர்க்குமே தவிர, உச்ச ஆற்றலை வளர்க்காது. பந்தைக் கூடையில் இடும் திறன் பந்துடன் செய்யும் பயிற்சியால் மட்டுமே கைகூடும்.

எட்டு வாரங்களுக்கான மாதிரித் திட்டம்

எட்டு நிலைகள்: கயிறு தாண்டுதல், குந்தி எழுதல், தண்டால், பக்கவாட்டு நகர்வு, படியேறி இறங்குதல், முழங்கைகளை ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துதல், காலை முன்வைத்து முழங்காலை மடக்கி எழுதல், குறுகிய தூரம் ஓடித் திரும்புதல்.

• 1, 2-ஆம் வாரங்கள்: ஒவ்வொரு நிலையிலும் 20 விநாடிகள் பயிற்சி, 40 விநாடிகள் ஓய்வு, இரண்டு சுற்றுகள்.
• 3, 4-ஆம் வாரங்கள்: 30 விநாடிகள் பயிற்சி, 30 விநாடிகள் ஓய்வு, இரண்டு சுற்றுகள்.
• 5, 6-ஆம் வாரங்கள்: அதே நேர அளவு, மூன்று சுற்றுகள்.
• 7, 8-ஆம் வாரங்கள்: 40 விநாடிகள் பயிற்சி, 20 விநாடிகள் ஓய்வு; மூன்று சுற்றுகள்.

ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடங்கள் ஆகும். சுற்றுகளுக்கு இடையே இரண்டு நிமிடங்கள் ஓய்வு தேவை. தொடக்கத்தில் 10 நிமிடங்கள் உடலைச் சூடேற்றும் பயிற்சியும், இறுதியில் 5 முதல் 10 நிமிடங்கள் மெதுநடையும் அவசியம். வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, அடுத்தடுத்த நாள்களில் அல்லாமல் செய்ய வேண்டும். நேரம், சுற்று ஆகியவற்றுள் ஒரு படிக்கு ஒன்றை மட்டுமே கூட்ட வேண்டும். முழங்கால் உள்நோக்கிச் சாய்வது போல உடல் அமைவு குலைந்தால், அந்த நிலையை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

பயிற்சி தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பின், பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைக் கட்டாயம் அணுக வேண்டும்.

• உடலுழைப்பின்போது மயக்கம், நெஞ்சுவலி அல்லது நெஞ்சில் இறுக்கம் ஏற்பட்டிருத்தல்
• காரணமின்றிப் படபடப்பு, அல்லது உடன் ஆடுபவர்களைவிட மிகுதியான மூச்சுத்திணறல்
• பெற்றோர், உடன்பிறந்தோர் முதலிய நெருங்கிய உறவினர் 50 வயதுக்கு முன் திடீரென இறந்திருத்தல்
• சிறுவயதில் இதயத்தில் ஓசை அல்லது குறை இருப்பதாக மருத்துவர் கூறியிருத்தல்
• இயல்புக்கு மீறிய உயரத்துடன் மிக நீண்ட கைகளும் விரல்களும், பார்வைக் குறையும் இருத்தல். இது மார்பான் நோய்க்குறித்தொகுப்பாக இருக்கக்கூடும்; அந்நோயில் மகாதமனி பலவீனமடையும்.

மாணவியருக்கு ஹீமோகுளோபின் பரிசோதனையும் முக்கியமானது. பெண்களுக்கு 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைவாக இருந்தால் அது இரத்தசோகை எனக் கொள்ளப்படும். இரத்தசோகை உள்ள மாணவி எவ்வளவு முயன்றாலும் விரைவில் களைத்துவிடுவார். அதனைச் சோம்பல் எனக் கருதிப் பயிற்சியைக் கூட்டுவது தவறு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.

இயல்பான களைப்பும் எச்சரிக்கை அறிகுறிகளும்

குறைந்த ஓய்வே சுற்றுப் பயிற்சியின் சிறப்பு. ஆபத்தின் அறிகுறிகளை மறைப்பதும் அதுவே. எல்லோரும் மூச்சு வாங்கும் வேளையில் ஒருவருடைய மூச்சுத்திணறல் வேறுபட்டுத் தெரிவதில்லை. எனவே வேறுபாட்டை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இயல்பானவை: பயிற்சி நின்ற சில நிமிடங்களில் தணியும் மூச்சு வாங்கல், மறுநாள் தோன்றி மூன்று, நான்கு நாள்களில் குறையும் தசைவலி, இரவு நல்ல உறக்கத்தைத் தரும் களைப்பு.

உடனே பயிற்சியை நிறுத்தி மருத்துவ உதவி பெற வேண்டியவை:

• ஓடும்போது ஏற்படும் மயக்கம். நின்ற பிறகு வரும் தலைச்சுற்றலைவிட இது கூடுதல் ஆபத்தானது.
• நெஞ்சுவலி, ஒழுங்கற்ற இதயத் துடிப்பு
• வெயிலில் ஆடும்போது குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், உடல் அனலாகக் கொதித்தல். இவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிற வேண்டும்.
• கடும் பயிற்சிக்கு மறுநாள் தசைகள் வீங்கி, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் வெளியேறுதல். தசைநார்கள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறி இது. விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்தில் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்பவர்களுக்கு இது நேரக்கூடும்.
• தாவி இறங்கும்போது முழங்காலில் 'பட்' என்ற ஓசை கேட்டு, சில மணி நேரத்தில் வீங்குதல். முன் சிலுவைத் தசைநாண் அறுந்திருக்கலாம். ஆண்களைவிடப் பெண் வீரர்களுக்கு இக்காயம் மிகுதியாக ஏற்படுகிறது.

அமெரிக்காவின் லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழக வீரர் ஹேங்க் கேதர்ஸ் 1990-ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்து உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 23. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவர் ஓர் ஆட்டத்தில் மயங்கி விழுந்து, இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை இருப்பது கண்டறியப்பட்டிருந்தது. ஆட்டத்தின்போது ஏற்படும் மயக்கத்தை 'வெறும் களைப்பு' எனக் கடந்துவிடக் கூடாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

மைதானத்தில் ஒருவர் சரிந்து விழுந்தால்

தட்டி அழைத்தும் அசைவின்றி, இயல்பான மூச்சும் இல்லாதிருந்தால் இதயம் நின்றிருப்பதாகக் கொள்ள வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளித்தும், குடிக்கக் கொடுத்தும் நேரத்தை வீணாக்கக் கூடாது. ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றொருவர் உடனே மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்திற்கு அழுத்த வேண்டும். தானியங்கி இதய அதிர்வுக் கருவி இருந்தால் உடனே கொண்டுவந்து பயன்படுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்தத்தை நிறுத்தக் கூடாது.

ஏற்கெனவே நோய் உள்ளவர்கள்

ஆஸ்துமா: நோய் கட்டுப்பாட்டில் இருந்தால் ஆடத் தடையில்லை. மருத்துவர் பரிந்துரைத்த இன்ஹேலரைப் பையில் வைத்திருப்பதுடன், அது இருக்கும் இடத்தைப் பயிற்சியாளரும் அறிந்திருக்க வேண்டும்.

இன்சுலின் செலுத்திக்கொள்ளும் நீரிழிவு நோயாளர்கள்: பயிற்சிக்கு முன் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். 90 மி.கி.க்குக் குறைவாக இருந்தால், சிறிது மாவுச்சத்து உணவு உண்டு, அளவு உயர்ந்த பிறகே தொடங்க வேண்டும். குளுக்கோஸ் கைவசம் இருக்க வேண்டும்.

காய்ச்சல்: காய்ச்சலோ உடல்வலியோ உள்ளபோது பயிற்சி கூடாது. சில வைரஸ் தொற்றுகள் இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். அந்நிலையில் கடும் உழைப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். டெங்குவுக்குப் பிறகு மருத்துவரின் ஒப்புதலுடன், முதல் வார அளவிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.

கணுக்கால் சுளுக்கு: வலி மறைந்தால் மட்டும் போதாது. காயம்பட்ட காலில் மட்டும் தடுமாறாமல் நிற்கவும் தாவவும் இயன்ற பிறகே ஆட்டத்திற்குத் திரும்ப வேண்டும்.

உணவு, நீர், உறக்கம்

வெறும் வயிற்றில் சுற்றுப் பயிற்சி செய்யக் கூடாது. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன் வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதுமானது. முடிந்த பிறகு முட்டை, சுண்டல், பால், பருப்பு ஆகியவற்றுள் ஒன்றை உணவுடன் சேர்த்துக்கொள்ளலாம். கீரை, கேழ்வரகு, பேரீச்சை ஆகியவற்றுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ உண்டால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். உணவுடன் தேநீர் அருந்துவது அதனைத் தடுக்கும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும். கோடைக்காலத்தில் அதிகாலையிலோ மாலையிலோ பயிற்சி செய்வது நல்லது. வெப்பத்திற்கு உடல் பழக 10 முதல் 14 நாள்கள் ஆகும்.

மாணவிக்கு மூன்று மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால், அதனைப் பயிற்சியின் இயல்பான விளைவு எனக் கருதக் கூடாது. உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்காததால் இது நேரலாம். காலப்போக்கில் எலும்புகள் வலுவிழக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும்?
வலிமையில் முன்னேற்றம் மூன்று, நான்கு வாரங்களிலும், தாங்குதிறனில் ஆறு முதல் எட்டு வாரங்களிலும் தெரியும். காலையில் எழுந்தவுடன் நாடித் துடிப்பை எண்ணிக் குறித்து வைத்தால் மாற்றத்தை வீட்டிலேயே அறியலாம். வழக்கத்தைவிடத் துடிப்பு தொடர்ந்து உயர்ந்திருந்தால் ஓய்வு தேவை எனப் பொருள்.

தேர்வுக் காலத்தில் நிறுத்தினால் பலன் போய்விடுமா?
இரண்டு வாரங்களுக்கு மேல் முற்றிலும் நிறுத்தினால் தாங்குதிறன் குறையத் தொடங்கும். வாரம் ஒருமுறையேனும் அதே தீவிரத்துடன் செய்தால் பெரும்பகுதியைக் காத்துக்கொள்ளலாம். முற்றிலும் நிறுத்தியவர்கள், விட்ட இடத்திலிருந்து தொடராமல் ஒரு படி கீழிருந்து தொடங்க வேண்டும்.

பிள்ளை தன் அறிகுறியை மறைப்பதாகத் தோன்றினால் என்ன செய்வது?
அணியில் இடம் பறிபோகும் என்ற அச்சமே பெரும்பாலும் இதற்குக் காரணம். கண்டிப்பதைத் தவிர்த்து, தனியே அமர்ந்து கேளுங்கள். பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். இதயச் சுருள் வரைபடமும் இரத்தப் பரிசோதனையும் வலி தருபவை அல்ல. பரிசோதனைக்கு வரும் மாணவர்களில் பெரும்பாலோர் மீண்டும் மைதானத்திற்கே திரும்புகின்றனர். உண்மையிலேயே இதயக் குறை உள்ள ஒருவரை உரிய காலத்தில் கண்டறிய இதுவே வழி.

இக்கட்டுரையில் கூறப்பட்டவை பொதுவான தகவல்கள். தங்கள் உடல்நிலைக்கு ஏற்ற அறிவுரையை அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நேரில் பெறவும். அவசர உதவிக்கு 108-ஐ அழைக்கவும்.