தெரு யாருடையது?

திருவில்லிபுத்தூர் ரதவீதிகளில் ஆடிப்பூரத் தேர் வரும்போது வண்டிகள் ஒதுங்கியே ஆகவேண்டும். மற்ற நாட்களில்? "எங்க வீட்டு முன்னாடி நிறுத்தாதீங்க" என்று கல்லோ பூந்தொட்டியோ வைத்துவிடுகிறார்கள். ராஜபாளையத்திலும் இதைத்தான் பார்க்கிறேன். தெரு, வீட்டின் நீட்சியாகிவிடுகிறது.

இதன் சட்ட வடிவம்தான் குடியிருப்போருக்கான வண்டி நிறுத்தச் சீட்டு. அமெரிக்காவின் ஆர்லிங்டனில், வேலைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் குடியிருப்புத் தெருக்களில் வண்டி நிறுத்துவதைத் தடுத்த விதி செல்லும் என 1977இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அங்கே கல்லூரி நகரங்களில் மாணவன்தான் ‘வெளியாள்’. 2021இல் கர்நாடக அரசு ஏற்ற பெங்களூர் கொள்கையிலும் ஆண்டுக்கட்டணச் சீட்டு உண்டு.

சீட்டில் கட்டணமும் கணக்கும் இருக்கிறது. கல்லில் இருப்பது வெறும் பலம். நிறுத்துமிடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு அரசுக்கும் அது அதிகாரமளிக்கும் அமைப்புக்கும்தான் தருகிறது, வீட்டுக்காரருக்கு அல்ல.

ஆனால் ‘குடியிருப்பவர் / வெளியாள்’ என்ற எதிர்வு நம்மூரில் சாதியின் நினைவைச் சுமந்தே வருகிறது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே 1924இல் போராட வேண்டியிருந்தது. எனவே என் கேள்வி இது: வண்டியே இல்லாதவருக்கும், தள்ளுவண்டி வியாபாரிக்கும், வாடகைக்கு இருப்பவருக்கும் தெருவில் என்ன பங்கு? இதற்குப் பதில் சொல்லாத எந்தச் சீட்டும் அச்சடித்த கல்தான்.