கணினியின் கால வழு

தமிழ் இலக்கணம் பயின்றோர் ‘வழு’ என்னும் சொல்லை நன்கு அறிவர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழிலும் பிறழ்ந்து வருதலை நன்னூலார் வழு என வகுத்தார். ‘நாளை வந்தான்’ என ஒருவன் கூறின் அது கால வழுவாகும். இன்று கணினித் துறையினரும் பிழையைக் குறிக்க இச்சொல்லை எடுத்தாளுகின்றனர். கணினிக்கும் ஒரு கால வழு உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் ஒருவன் வீட்டுக் கணினியை இயக்குகிறான் எனக் கொள்வோம். எந்த இணையத்தளத்தைத் திறப்பினும், தொடர்பு பாதுகாப்பானதன்று என்னும் எச்சரிக்கையே தோன்றுகிறது. வீட்டார் இணைய இணைப்பை நோகின்றனர். திரையின் மூலையில் திகதி பல ஆண்டுகள் பின்தங்கி நிற்பதை எவரும் கவனிப்பதில்லை. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் கணினிக்கு ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அது செல்லத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் அதில் உண்டு. கணினியின் திகதி பிழைத்தால், நல்ல சான்றிதழும் செல்லாததாகவே தோன்றும்.

திகதி பிழைப்பதற்குக் காரணம் யாது? மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னரும் நேரத்தைக் காப்பது தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு மின்கலம். நாணயம் போன்ற அது பெரும்பாலும் 20 மில்லிமீற்றர் விட்டமும் 3 வோல்ற்று அழுத்தமும் உடையது. சில ஆண்டுகளில் அதன் வலு குன்றும். அப்பொழுது நேரம் தவறுவதோடு, பழைய கணினிகள் பலவற்றில் அடிப்படை அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்கு மீள்கின்றன.

வன்தட்டை அணுகும் முறையும் அவ்வமைப்புகளுள் ஒன்று. ஏ.எச்.சி.ஐ. முறையில் நிறுவப்பட்ட விண்டோஸ், அமைப்பு ஐ.டி.இ. முறைக்கு மாறியதும் தன் தட்டை அணுக மாட்டாது நின்றுவிடும். தொடங்குதற்குரிய சாதனத்தை அணுக முடியவில்லை என்னும் பொருளுடைய நீலத்திரை தோன்றும். பெருந்தவறு நேர்வது இங்கேதான். தட்டே பழுதாயிற்று எனக் கருதி, அதனைத் துடைத்து விண்டோசைப் புதிதாக நிறுவுவோர் உளர். மணநாட் படங்களும், மறைந்த பாட்டனாரின் குரற்பதிவும், பிள்ளையின் கட்டுரைகளும் அதனோடு அழிந்துபோம். தட்டுக்கோ யாதொரு ஊறும் நேர்ந்திராது. முன்னைய அமைப்பை மீட்டிருந்தால் யாவும் பழையபடி இயங்கியிருக்கும். தட்டுப் பழுதினாலும் இதே செய்தி வரலாம் என்பது உண்மையே. ஆதலின் அமைப்புத் திரையைத் திறந்து, திகதியை முதலிற் பார்த்தல் நன்று.

வழுச் செய்தி தோன்றியதும் அதனை மூடிவிடாது, சொல்லும் எண்ணும் பிசகாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வேளையில் ஓர் அமைப்பையே மாற்ற வேண்டும். மாற்றுமுன் பழைய நிலையைக் குறித்துவைத்து, பயன் இல்லையெனில் அந்நிலைக்கு மீட்ட பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் குணமாக்கியது எது, கெடுத்தது எது என அறிதல் அரிது. மின்கலத்தை மாற்றுமுன் கணினியை நிறுத்தி, மின்னிணைப்பையும் கழற்றுதல் அவசியம். திகதி சரியாக இருந்தும் பாதுகாப்பு எச்சரிக்கை நீடிக்குமாயின், அத்தளத்திற் கடவுச்சொல்லை இடலாகாது.

மின்கலத்தைக் கடையிற் புதிதாக வாங்கலாம். பாட்டனாரின் குரலை எக்கடையிலும் வாங்க முடியாது. அதற்கு வேறொரு தட்டில் இன்றே பிரதி எடுத்துவைத்தல் அறிவுடைமை.