கச்சானுக்கும் வாடைக்கும் தாங்குகிற கதிரை

தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு விறாந்தைப் பக்கம் வந்து இருங்கள். ஒரு மிடறில் சொல்லி முடிகிற விஷயமில்லை இது.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் இப்போது கேட்பது இதைத்தான்: "அண்ணே, உள்ளுக்குப் பாலி ஸ்டைல் போடுவமா, ஸ்கண்டிநேவியன் போடுவமா?" ஃபோனில் படமும் தயாராக இருக்கும். படம் எல்லாம் வடிவுதான். ஆனால் அதைப் பார்த்ததும் நான் திருப்பிக் கேட்பது, அந்த ஊரில் வெயில் எப்படி, மழை எப்படி, பக்கத்துக் காட்டில் என்ன மரம் என்றுதான். ஒரு ஊரின் வீடும் தளபாடமும் அந்த ஊரின் உபாதைக்குக் கண்டுபிடித்த மருந்து. நமக்கும் அதே உபாதை இருந்தால் அந்த மருந்து பலிக்கும்.

ஸ்கண்டிநேவியாவை எடுங்கள். அங்கே குளிர்காலத்தில் வெளிச்சம் சில மணி நேரந்தான். கிடைக்கிற வெயிலை உள்ளே இழுக்கப் பெரிய கண்ணாடி யன்னல், அதைச் சிதறவைக்க வெள்ளைச் சுவர், ஊசியிலைக் காட்டு மரத்தில் வெளிர் நிறத் தளபாடம். நமக்கோ வெயிலை வெளியே நிறுத்துவதுதான் வேலை. மேற்குப் பார்த்த சுவரில் ஆளுயரக் கண்ணாடி வைத்தால் பின்நேரம் அந்த அறையில் மனிதர் இருக்க ஏலாது. அந்த மென்மரத்தைக் கறையானும் விடாது.

மத்தியதரைக்கடல் வீட்டின் தட்டைக் கூரையும் அப்படித்தான். மழை குறைந்த ஊர்களில் அது மொட்டை மாடியாகவும் உதவும். இங்கே மார்கழி மழைக்கு அதே தட்டில் தண்ணீர் தேங்கி, கொஞ்ச வருடத்தில் சீலிங்கில் படம் வரையத் தொடங்கிவிடும்.

பாலி? அது கொஞ்சம் நெருங்கிய சொந்தம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே எட்டுப் பாகையில் பாலி, வடக்கே எட்டரைப் பாகையில் நாங்கள். இதில் பலருக்குத் தெரியாத சங்கதியும் ஒன்று உண்டு. நம்முடைய கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களின் தொடக்கத்தில், அவுஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்டுக்காக பாலியின் சனூர் கரையில் பத்துஜிம்பார் என்ற இடத்தில் வீடுகள் வடிவமைத்தார். தாழ இறங்கும் கூரை, சுவரில்லாத மண்டபம், நடுவே முற்றம் என்று இன்று உலகமெங்கும் பாலி ஸ்டைலாக விலைபோவதில் எங்கள் தீவின் கையும் இருக்கிறது. ஆகவே பாலியிலிருந்து எடுக்கலாம். எடுக்கும்போது நம்முடைய காற்றைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருகோணமலையின் வருடம் இரண்டு காற்றுக்கு நடுவே ஓடுகிறது. வைகாசி, ஆனியில் மேற்கிலிருந்து நிலத்தின் மேலாக வரும் கச்சான். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இங்கே வரும்போது வெறும் சூடாக வரும். மாரியில் வடகிழக்கே கடலிலிருந்து வாடை. எங்களுக்குப் பெரிய மழையைத் தருவது அதுதான். சுவரே இல்லாத மண்டபத்தைக் கடல் பார்க்கக் கட்டினால் மாரியில் மெத்தையும் புத்தகமும் நனையும். இதற்கு எங்கள் பழைய வீடுகளின் விடை ஆழமான விறாந்தை, தாழ்ந்த ஓட்டு இறப்பு, தேவைப்படும்போது இறக்கிவிடத் தட்டி. மேற்கே ஒரு வேம்பு நின்றால் கச்சானின் கோபம் பாதி குறையும்.

இனி அந்த விறாந்தையில் கிடக்கும் சாய்மனைக் கதிரைக்கு வருவோம். உலகத்தின் பல மூலைகள் ஒரு பொருளில் கூடியிருப்பதைப் பார்க்க வேண்டுமானால் அதைப் பார்க்கலாம். கால் நீட்டி வைக்க நீளும் கை, பின்னால் சரிந்த முதுகு எல்லாம் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரின் சுகத்துக்கு வந்தவை. இருக்கையின் பிரம்புப் பின்னல் ஆசியாவின் வேலை. பதினேழாம் நூற்றாண்டில் அது ஐரோப்பிய வீடுகளுக்கே போய்ச் சேர்ந்தது. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையிலும் பத்தாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) ஆறு காலும் அரைவட்ட முதுகும் கொண்ட வட்டக் கதிரைகளைச் செய்தார்கள். அவற்றிலும் இருக்கை பிரம்புதான். கொழும்பு புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகத்துக்குப் போனால் அக்காலத் தளபாடங்களைப் பார்க்கலாம்.

பிரம்பு ஏன் நிலைத்தது? பஞ்சு திணித்துத் துணி போர்த்திய இருக்கை எங்கள் வியர்வையில் நாறும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். பிரம்பில் காற்று கீழிருந்து மேலே வரும். பின்னுவதைக் கிட்ட இருந்து பாருங்கள். மரச் சட்டத்தைச் சுற்றிச் சிறு துளைகள். பிரம்பின் மேல்தோலை நாராகச் சீவித் தண்ணீரில் ஊறவைப்பார்கள். முன்பின்னாக ஒரு ஓட்டம், குறுக்காக ஒன்று, மறுபடி முன்பின், மறுபடி குறுக்கு, பிறகு மூலைக்கு மூலை இரண்டு ஓட்டம். இந்த ஆறும் முடிந்தால் எண்கோணக் கண்கள் தெரியும். ஈரநார் காயக் காயச் சுருங்கிப் பறைத்தோல் போல இறுகும். நாள்பட்டுத் தொய்ந்தால் அடிப்பக்கத்தைச் சுடுதண்ணீர்த் துணியால் ஒற்றி, நிழலில் ஒரு நாள் விடுங்கள். நார் அறாமல் இருந்தால் பெரும்பாலும் மீண்டும் இழுத்துப் பிடிக்கும்.

சட்டத்துக்கு மரம் எங்கள் காட்டில் இருந்தது. திருகோணமலைக்கு மேற்கேயுள்ள சமவெளியில் கருங்காலி நிறைந்திருந்ததை எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். பொன்னிறமாக மினுங்கும் முதிரையும் இந்த உலர்காட்டுப் பிள்ளைதான். 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரையால் கட்டிய பாலம் 1905 வரை நின்றது. மூன்றாவது மரம் சாவண்டலை, சிலர் சமண்டலை என்பார்கள். மர வியாபாரத்தில் அதற்கு உலகப் பெயரே 'டிரிங்கோமலி வூட்', எங்கள் ஊர்ப் பெயர். வளையும், எளிதில் முறியாது. பீப்பாய்க்கும் வண்டிக்கும் போனது. சென்னைக் கரையில் அலைக்குள் பாய்ந்த மசூலாப் படகுகளுக்கும் போனது. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த அந்தப் படகுக்கு, அலை அடிக்கும்போது நெளிந்து கொடுக்கிற பலகை தேவைப்பட்டது.

இப்போது கடைகளில் நிறைந்திருப்பது மெலமைன் அலுமாரி. மரத்தூளைப் பசையில் அழுத்தி மேலே தாள் ஒட்டிய பலகை அது. விளிம்பில் ஒரு முறை தண்ணீர் ஏறினால் ஊதும், பிறகு பழைய நிலைக்கு வராது. வாடைக் காலத்து ஈரத்தில் முதலில் போவது நிலத்தைத் தொடும் அடி விளிம்பு. கூடவே துறைமுகக் காற்றின் உப்பு. சாதா இரும்புத் திருகாணியும் பிணைச்சலும் சில வருடத்தில் துருவேறி மரத்தையும் கறுக்கவைக்கும். வாங்கத்தான் வேண்டுமென்றால் அடியில் கால் வைத்து நிலத்திலிருந்து உயர்த்துங்கள். பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கில் பிணைச்சல் கேளுங்கள். சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் விட்டு வையுங்கள்.

அதற்காக எல்லோரும் முதிரையில் கட்டில் செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். அந்தக் காடு முன்போல் இல்லை. முதிரை, சாவண்டலையை வெட்டவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும், கருங்காலியைத் தொடவே கூடாது. பத்திரமில்லாத மரத்தை விலை மலிவு என்று வாங்கினால் மாட்டுவது நீங்கள்தான். பழைய வீடு இடிக்கிற இடத்தில் வரும் கதவு, நிலை, தீராந்தி எல்லாம் நன்றாகக் காய்ந்து முற்றிய மரம், இனிப் பெரிதாக முறுக்காது. நல்ல தச்சரிடம் கொடுத்தால் நீங்கள் ஃபோனில் காட்டுகிற எந்த நாட்டு வடிவத்தையும் அதிலேயே செய்து தருவார்.

கடைசியாக ஒன்று. அம்மம்மா வீட்டு அறைக்குள் நார் அறுந்த கதிரை ஒன்று கிடந்தால் விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். சட்டம் உறுதியாக இருந்தால் புதிதாகப் பின்னலாம். கொழும்பு–கண்டி வீதியில் ரதாவடுன்ன, வேவல்தெனியப் பக்கம் பிரம்பு வேலையை இன்றும் தொழிலாகச் செய்கிறார்கள். புதுச் சோபாவுக்குக் காசு கட்டுமுன் அதை முதலில் பின்னக் கொடுங்கள்.