சித்தப்பாவும் நீலப் புகையும்

கன்னிவாடியில் எங்கள் தெருவுக்குக் கொசு மருந்து அடிக்கிற வண்டி வருகிறதோ இல்லையோ, என் சித்தப்பாவின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர் தினமும் தவறாமல் வந்துவிடும். முன்னால் ஒரு மூட்டை முருங்கைக்காய், பின்னால் இரண்டு மூட்டை, நடுவில் எங்கேயோ சித்தப்பா. அதற்கும் பின்னால் ஒரு ஃபர்லாங் நீளத்துக்குப் புகை!

"ஏப்பா, உங்க சித்தப்பா வண்டி ஓட்டுறாரா, சாம்பிராணி போடுறாரா?" என்று டீக்கடையில் என்னைக் கேட்காத ஆள் கிடையாது.

சித்தப்பாவும் சிரித்துக்கொண்டேதான் போனார். ஆனால் இழுவை குறைய ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒட்டன்சத்திரம் மண்டிக்கு நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால், கேட்ட விலைக்குக் காயைக் கொட்டிவிட்டு வரவேண்டியதுதான். மேடு வந்தால் இறங்கி, மூட்டையோடு வண்டியைத் தள்ளுகிற வயசா அவருக்கு?

பெரிய கடையில் காட்டினார். அங்கிருந்த பையன் ஆக்ஸிலேட்டரை ரெண்டு தடவை முறுக்கினான். புகையைப் பார்த்தான். தீர்ப்பு சொல்லிவிட்டான்: "போர் போயிருச்சு. பிஸ்டன் செட்டு மாத்தணும். அஞ்சாயிரத்துக்குக் குறையாது."

அஞ்சாயிரம் இல்லாமல் இல்லை. வீட்டில் அரிசி டிரம்மில் இருந்தது. ஆனால் அது தங்கச்சியின் காலேஜ் ஃபீஸ். திங்கட்கிழமை கட்ட வேண்டிய பணம்.

"பேசாம 2டி ஆயிலைக் குறைச்சு ஊத்திப் பாக்கட்டுமா? ஆயில் கம்மியானா புகையும் கம்மியாகும்ல?" என்றார் சித்தப்பா.

நான் பதறிப்போனேன். காரணம் இருக்கிறது. பி.காம். படிக்கும்போது என்னிடமும் ஒரு பழைய எக்ஸ்.எல். இருந்தது. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில் என்பது கணக்கு. அதில் பாதியை மிச்சம் பிடித்தால் மாசம் எத்தனை டீ குடிக்கலாம் என்று (படித்த படிப்பு சும்மா விடுமா?) நோட்டில் எழுதியே பார்த்தேன். புகையும் குறைந்தது. பரவாயில்லையே என்று தருமத்துப்பட்டி தாண்டிப் பன்றிமலை ரோட்டில் ஏற்றினேன் பாருங்கள்... பாதி மலையில் 'க்ரீச்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. மிச்சம் பிடித்தது டீக்காசு, செலவானது ரீபோர் காசு.

டூ ஸ்ட்ரோக் எஞ்ஜினில் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற அந்த 20 மில்லிதான் எல்லாவற்றுக்கும். அது வேலையை முடித்துவிட்டு எரிந்து வெளியே போகிறது. ஆகவே கொஞ்சம் புகை இந்த எஞ்ஜினின் பிறவிக் குணம். சந்தேகமில்லாமல் புகையே வரக் கூடாது என்றால் வேறு வண்டிதான் வாங்க வேண்டும்.

ஓசூரில் 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தபோது, ரெண்டு பேர் உட்கார்ந்து போகிற மொபெட் இந்தியாவிலேயே அதுதான் முதல். ரெண்டு பேருக்கு என்று செய்ததில் நம் ஊர்க்காரர்கள் மனைவி, ரெண்டு பிள்ளை, ஒரு ஆட்டுக்குட்டி, கூடவே மாட்டுத்தீவனமும் ஏற்றியது தனிக்கதை! 2015-ல் நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தது. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 மாசுக் கட்டுப்பாடு நாடு முழுக்க வந்ததோடு டூ ஸ்ட்ரோக்கின் காலம் ஷோரூமில் முடிந்தது. காட்டிலும் மேட்டிலும் முடியவில்லை. சித்தப்பா மாதிரி ஆட்கள் விடுவதாக இல்லை.

கடைசியில், மெயின் ரோட்டில் புளியமரத்தடியில் கடை வைத்திருக்கிற வயசான மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். யெஸ்டி, ராஜ்தூத் காலத்து மனிதர். அவர் வண்டியைத் தொடவே இல்லை. முதலில் கேள்விதான்.

"காலையில ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் புகையா, சூடானப்புறமுமா?"

"சூடானப்புறமும்தாண்ணே."

"அப்ப பனி இல்ல. குளிர்ல கிளம்புறப்ப வெள்ளையா வந்து ரெண்டு நிமிஷத்துல நின்னா, அது சைலன்ஸர்ல இருக்கிற தண்ணி. அதுக்கு ஏன் வைத்தியம்? கலர் என்ன, கறுப்பா நீலமா?"

"நீலம் மாதிரிதான் தெரியுது."

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது என்று அர்த்தமாம். சோக் முழுசாக மூடாமல் நிற்கும், அல்லது ஏர் ஃபில்டர் புழுதியில் அடைத்திருக்கும், கார்புரேட்டரில் ஃப்ளோட் சரியில்லாமல் இருக்கும். எங்கள் பக்கத்துச் செம்மண் ரோட்டுக்கு ஏர் ஃபில்டர்தான் முதல் பலி. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. எந்த ஆயில் என்பதுதான் கேள்வி.

பிளக்கைக் கழற்றினார். நல்ல எஞ்ஜினில் அதன் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்கும். இது கறுத்து, எண்ணெயில் முக்கி எடுத்த வடை மாதிரி பளபளவென்று இருந்தது. "கறுத்திருந்தாலும் காஞ்சிருந்தா பெட்ரோல் கோளாறு. இது ஈரமால்ல இருக்கு?" என்றவர், "கிளட்ச் பக்கத்து ஆயில் எப்ப ஊத்துனே?" என்றார்.

சித்தப்பா விழித்தார். "ரெண்டு மாசம் முன்னாடிதாண்ணே மாத்துனேன். அளவாத்தான் ஊத்துனேன்."

அடியில் போல்ட்டைத் திறந்து, ஒரு பழைய பாட்டிலில் வடித்தார். ஊற்றியதில் பாதிகூடத் தேறவில்லை! வெளியே ஒழுகிய தடமும் இல்லை. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். லேசாகப் பெட்ரோல் வாடை.

"ஆயில் நடந்தா போச்சு? எஞ்ஜின் குடிச்சிருச்சு" என்றார் பெரியவர்.

விஷயம் இதுதான். கிராங்க் இருக்கிற அறைக்கும் கிளட்ச் அறைக்கும் நடுவில் கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி ரப்பர் வளையம் ஒன்று, ஆயில் சீல். பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் அறையில் உறிஞ்சுகிற வேகம் உண்டாகும். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை இழுப்பதே அதுதான். சூட்டில் காய்ந்து சீலின் உதடு கெட்டியாகிவிட்டால், பெட்ரோலோடு சேர்த்துப் பக்கத்து அறை ஆயிலையும் இழுக்கும். பிஸ்டன் இறங்கும்போது பெட்ரோல் அங்கிட்டுப் போகும். வாடை வந்தது அதனால்தான்.

"அப்ப போர் போகலையா?" சித்தப்பாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"நாலு ஸ்ட்ரோக்குல பிஸ்டனுக்குக் கீழே ஆயில் கெடக்கும். ரிங் தேஞ்சா மேலே ஏறிப் புகையும். இதுல பிஸ்டனுக்குக் கீழே என்னய்யா ஆயில் இருக்கு, ஏறுறதுக்கு? போர் தேஞ்சா இழுவை போகும், ஸ்டார்ட்டிங் போகும். இவ்வளவு நீலம் வராது" என்று பெடலை மிதித்துக் காட்டினார். எதிர்த்துத் தள்ளுகிற பலம் நன்றாகவே இருந்தது. கம்ப்ரஷன் தேறியது.

இன்னொரு பக்கம் காந்தம் இருக்கிற மேக்னெட் சீல். அது போனால் கதை நேர் எதிர். அங்கே ஆயில் இல்லை, காற்றுதான் உள்ளே வரும். புகை குறைந்து, ஆக்ஸிலேட்டரை விட்டாலும் எஞ்ஜின் கத்திக்கொண்டே இருக்கும். சூடேறிப் பிடித்துக்கொள்ளும். புகையாத வண்டியெல்லாம் சுகமான வண்டி இல்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வெளிநாட்டில் பிள்ளைகள் சேற்றில் ஓட்டிப் பழகுகிற குட்டி டர்ட் பைக்குகளுக்கும் இதே வியாதிகள்தான். 1981-ல் வந்த யமஹா பி.டபிள்யூ. 50 டூ ஸ்ட்ரோக்தான். கே.டி.எம். 50 மாதிரி தண்ணீரால் குளிரூட்டுகிற எஞ்ஜின் என்றால் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும்: சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், ஹெட் கேஸ்கட் வழியே கூலண்ட் உள்ளே போகிறது. சித்தப்பா வண்டிக்கு அந்தக் கவலை கிடையாது. காற்றுதான் கூலண்ட்.

சீல் விலை, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கூலியை விடக் குறைவு. கையோடு சைலன்ஸரையும் கழற்றிக் கரியைத் தட்டினார். மூட்டையோடு மெதுவாகவே ஓடிய வண்டி அல்லவா, உள்ளே பிசுபிசுவென்று ஆயில் கரி அப்பியிருந்தது. "முழுசா போகாது. ரெண்டு மூணு நாள் புகையும். பயந்து வராதே" என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்.

மறுநாள் காலையில் சித்தப்பா பயந்து வந்தார். "ஏப்பா, ஏமாத்திட்டாரோ? இன்னும் புகையுதே!" சைலன்ஸரில் ஊறிய பழைய ஆயில் எரிகிறது என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். நாலாம் நாள் புகை அடங்கியது. மேட்டிலும் இறங்காமல் போகிறார்.

அரிசி டிரம்மில் இருந்த பணத்தைத் திங்கட்கிழமை தங்கச்சியே காலேஜில் கொண்டுபோய்க் கட்டினாள்.

சித்திக்கு மட்டும் ஒரு குறை. "முன்னயெல்லாம் தெருமுனையில புகை தெரிஞ்சதும் அடுப்புல குழம்பைச் சுட வைப்பேன். இப்ப இவரு வர்றதே தெரிய மாட்டேங்குது!"