பட்டு நூலுக்குப் பின்னால் ஒரு பம்பு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறியில் பாவாக ஏறும் பட்டு, புழுவின் வாயில் வழிந்து காற்றில் காய்ந்த எச்சில் என்றே பலரும் நினைக்கிறோம். வெறுமனே காய்ந்ததென்றால் தண்ணீர் பட்டதும் கரைய வேண்டுமே? சாயம் போடுமுன் சோப்பு நீரில் வேகவைக்கும்போது மேலிருக்கும் செரிசின் என்ற கோந்துதான் போகிறது. உள்ளே இருக்கும் ஃபைப்ராயின் அசைவதில்லை. அதே ஃபைப்ராயின் புழுவின் சுரப்பிக்குள் கெட்டியான திரவமாக, நாள்கணக்கில் உறையாமல் கிடந்ததுதான். ஆகவே புழு நூற்பதற்குள் ஏதோ நடக்கிறது. சுரப்பியின் பின்பகுதியில் கார அமில அளவு 8ஐ ஒட்டி இருக்கிறது. முன்பகுதியில் 7க்குக் கீழே, அமிலப் பக்கம், இறங்கிவிடுகிறது. அமிலம் கூடக் கூடப் புரத இழைகள் ஒன்றோடொன்று பிணையத் தயாராகின்றன. அமிலம் என்பது புரோட்டான்களின் பெருக்கம். முன்பகுதிச் செல்களின் சவ்வில் அவற்றைச் சுரப்பிக் குழாய்க்குள் தள்ளும் ஒரு நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதன் பெயர் வி-ஏடிபியேஸ். செல்லின் எரிபொருளான ஏடிபியை உடைத்து, அந்த ஆற்றலில் புரோட்டானைச் சவ்வு தாண்டி அனுப்பும் பம்பு அது.

இதற்கு மறுப்பு உண்டு. புழு தலையை எட்டு வடிவில் ஆட்டி இழுப்பதால்தானே நூல் இறுகுகிறது? ஆம், இழுவை இல்லாமல் பட்டில்லை. ஆனால் அமிலம் பதப்படுத்திய புரதம்தான் இழுவைக்குச் சுலபமாக இசைகிறது. ஏடிபி செலவில்லாமல் அமிலம் உண்டாக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியும் அங்கே இருக்கிறதே என்பது இன்னும் வலுவான கேள்வி. சுரப்பியில் பம்புக்கு எவ்வளவு பங்கு என்பதில் அந்த நொதி கணக்கைக் குறைக்கத்தான் செய்கிறது. குடலில் அப்படியில்லை. பட்டுப்புழு போன்ற புழுக்களின் நடுக்குடலில் இதே பம்பு புரோட்டான்களைத் தள்ள, அவற்றுக்கு மாற்றாகப் பொட்டாசியம் குடலுக்குள் போகிறது. குடல்நீரின் கார அமில அளவு 9ஐத் தாண்டுகிறது. அந்தப் பொட்டாசியம் செல்லுக்குள் திரும்பும்போது அமினோ அமிலங்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ஃபைப்ராயினில் பெரும்பகுதி கிளைசின், அலனின், செரின் என்ற அமினோ அமிலங்கள்தான். மல்பெரி இலைப் புரதம் பட்டாவதற்கான வாசல் இது. கூடு கட்டுமுன் வரும் ஐந்தாம் பருவத்தில்தான் புழு தன் வாழ்நாள் இலையில் பெரும்பகுதியைத் தின்கிறது. அப்போது இலை குறைந்தால் கூடு சிறுக்கும்.