முருகைத் தீவுகளும் குடாநாட்டு நன்னீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், பசுபிக் சமுத்திரத்தில் சிதறிக் கிடக்கும் கங்கண முருகைத் தீவுகளிலும் இதுவே நிலை. ஆயினும் இரு நிலங்களிலும் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். அவ்வாழ்வுக்கு ஆதாரமான நிலத்தடி நன்னீரின் இயல்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கங்கணத் தீவு என்பது கடனீரேரியொன்றைச் சூழ்ந்து வளையமாக அமைந்த முருகைக்கல் நிலமாகும். அமிழ்ந்துபோகும் எரிமலையைச் சுற்றி முருகைகள் மேனோக்கி வளர்வதால் இது தோன்றுகின்றது என 1842இல் சார்ள்ஸ் டார்வின் விளக்கினார். 1952இல் எனிவெற்றொக் தீவில் துளையிட்டபோது, 1,250 மீற்றருக்கும் கீழே எரிமலைப் பாறை தென்பட்டமை அவர் கூற்றை உறுதிப்படுத்திற்று. குடாநாட்டின் பிறப்பு வேறு. மயோசீன் காலத்தில் ஆழங்குறைந்த கடலிற் படிந்த சுண்ணாம்புக்கல்லே அதன் அடித்தளம். எனினும் இரண்டும் நீரை உட்புகவிடும் சுண்ணப் பாறைகளே. மழைநீர் வெடிப்புகள் வழியே விரைந்து உள்ளிறங்குகின்றது.

அவ்வாறு இறங்கிய நன்னீர், அடர்த்தி மிக்க கடல்நீரின்மீது வில்லை வடிவில் மிதக்கின்றது. கைபன், ஹேர்ஸ்பேர்க் ஆகியோர் பெயரால் வழங்கும் விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அம்மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். இவ்விதியின் மறுபுறமே அச்சந் தருவது: நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்து நிலைக்குமாயின், கீழிருக்கும் உவர்நீர் 40 அடி மேலெழும்.

அச்சுவேலிக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கூடான சான்று. இராமன் அம்பெய்து உண்டாக்கியது என்பது ஐதிகம். அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன. கிணறு வற்றாமையால் நன்னீரும் குறையாது என்று கொள்வது தவறாகும்.

துவாலு மக்கள் இவ்வில்லையை எட்டும்வரை குழிதோண்டிப் புலக்கா என்னும் கிழங்கைப் பயிரிட்டனர். 2011இல் மழை பொய்த்தபோது அந்நாடு அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்ய நேர்ந்தது. நம்மவர் துலாவால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு எல்லை வகுத்தது. நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை அகற்றிற்று. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் தரும் வருவாய் இறைப்பை மேலும் தூண்டிற்று.

காணிக்கு வேலியுண்டு, நிலத்தடி வில்லைக்கு வேலியில்லை. ஒருவர் மிகையாக இறைத்தால் அயலவர் கிணறும் உவராகலாம். கடனீரேரிகளை நன்னீராக்கப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த திட்டம் நீரின் வரவைப் பெருக்கும் வழியாகும். செலவை வரையறுப்பதோ, கிணறு தனியுடைமையாயினும் நீர் பொதுவுடைமை என்பதை ஊர் ஏற்றுக்கொள்வதிலேயே தங்கியுள்ளது.