முதல் பாட்டுக்கு முன்பே தொடங்கும் தவறுகள்: விருந்து மேடை டிஜேக்களுக்குச் சில யோசனைகள்

மெர்சிங் – திருமண விருந்து, பிறந்தநாள், தீபாவளி ஒன்றுகூடல் என எதுவானாலும் உறுமி மேளத்தோடு டிஜேயும் இருக்க வேண்டும் என்று நம் குடும்பங்கள் எதிர்பார்க்கும் காலம் இது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, வார இறுதியில் மட்டும் மேடை ஏறும் இளைஞர்கள் இதில் பலர். அவர்களுக்கு இது கூடுதல் வருமானம். விருந்து நடத்தும் குடும்பத்துக்கோ பல மாதச் சேமிப்பு. நடுவில் பாட்டு நின்று போனாலும், சத்தம் தாங்காமல் பெரியவர்கள் எழுந்து போனாலும், அந்த இரவைத் திரும்ப நடத்த முடியாது.

இத்தகைய மேடைகளில் நேரும் தவறுகளுக்குத் திறமைக் குறைவு மட்டும் காரணமல்ல. தயாராகாமல் வருவதும், எதிரே இருக்கும் மக்களைப் பார்க்காமல் மடிக்கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதும்தான் முக்கியக் காரணங்கள். இரண்டையும் திருத்திக்கொள்ளப் பெரிய செலவு ஆகாது.

மாற்று ஏற்பாடு இல்லாமல் புறப்படுவது

ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். குளுவாங்கிலிருந்து வருபவர்கள் ஜெமாலுவாங் வழியாக நெடுந்தூரம் வர வேண்டும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஓர் ஒலிக்கம்பி பழுதானால், ஓடிப்போய் வாங்கிவர இங்கே நேரமிருக்காது. தியோமான் தீவு விடுதிகளில் நிகழ்ச்சி என்றால் இன்னும் சிரமம். படகுத்துறையில் மறந்து வைத்த பொருள் கரையிலேயே இருந்துவிடும்.

அதனால் பாடல்களை இரண்டு யு.எஸ்.பி.களில் வைத்திருங்கள். பல பிளேயர்கள் எஃப்.ஏ.டி.32 முறையில் அமைத்த யு.எஸ்.பி.யைத்தான் படிக்கும், என்.டி.எஃப்.எஸ். முறையில் இருந்தால் திறக்காது. இதை வீட்டிலேயே சோதித்துவிட வேண்டும். இணையத்திலிருந்து நேரடியாகப் பாடல் எடுத்து ஒலிக்கலாம் என்று நம்பி வராதீர்கள். நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் ஒரே இடத்தில் இயங்கும்போது இணைய வேகம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு மணி நேரத்துக்கான பாடல்களைக் கைப்பேசியில் பதிவிறக்கம் செய்து, அதை மிக்சரோடு இணைக்கும் கம்பியையும் பையில் வைத்திருந்தால், மடிக்கணினி நின்றாலும் விருந்து நிற்காது.

மின்சாரத்தையும் மழையையும் மறப்பது

நம் நாட்டில் சாதாரண மூன்று முள் பிளக் 13 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட் மின்சாரத்தில் அது ஏறக்குறைய 3,000 வாட். ஸ்பீக்கர், ஒளிவிளக்கு, மின்விசிறி, உணவைச் சூடாக வைக்கும் கருவி எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் மாட்டினால் இந்த அளவு எளிதில் தாண்டிவிடும். சமையல் பகுதிக்கும் ஒலி அமைப்புக்கும் தனித்தனி இணைப்பு கேளுங்கள்.

கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழைக் காலம். கூடாரத்தில் நிகழ்ச்சி என்றால் கம்பி இணைப்புகள் தரையில் கிடக்கக்கூடாது; மேசைக்கு மேலே உயர்த்திக் கட்ட வேண்டும். மின்கசிவுத் தடுப்பான் விழுந்தால், பாட்டு நிற்கிறதே என்று அதைத் தவிர்த்து நேரடி இணைப்பு கொடுப்பது உயிரோடு விளையாடுவதாகும். ஈரம் எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

சிவப்பு விளக்கு எரிய எரிய ஏற்றுவது

கூட்டம் ஆடவில்லை என்றதும் சத்தத்தை ஏற்றுவது பழகிப்போன தவறு. மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒலியின் முனைகள் வெட்டுப்படுகின்றன என்று பொருள். அதற்கு மேல் ஏற்றினால் தெளிவு போய் இரைச்சல்தான் கூடும், ஸ்பீக்கரும் கெடும். கெயின் எனப்படும் உள்ளீட்டு அளவைப் பச்சையிலும், உச்சத்தில் மஞ்சளிலும் வைத்துக்கொண்டு, மண்டபத்துக்கு வேண்டிய சத்தத்தை ஸ்பீக்கர் பக்கத்தில் கூட்டுங்கள். தரம் குறைந்த கோப்புகள் கைப்பேசியில் நன்றாகக் கேட்டாலும் பெரிய ஸ்பீக்கரில் பல்லிளித்துவிடும். 320 கே.பி.பி.எஸ். அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தில் வாங்கிய பாடல்களே பாதுகாப்பு.

காதுக்கும் கணக்கு உண்டு. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 88 என்றால் நான்கு மணி நேரம். 100 என்றால் கால் மணி நேரம்தான். உலகச் சுகாதார நிறுவனமும் 2022இல் வெளியிட்ட தரநிலையில், இசை நிகழ்ச்சி இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றது. வாரந்தோறும் ஸ்பீக்கர் அருகே நிற்பவர் டிஜேதான். முதலில் கெடுவது அவர் காது. காதடைப்பான் அணிவது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. ஸ்பீக்கரைத் தலைக்கு மேல் உயரத்தில், ஆடும் இடத்தை நோக்கித் திருப்பி வையுங்கள். முதியவர்களும் கைக்குழந்தைகளும் அமரும் மேசைகளைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

நடை தெரியாமல் இணைப்பது

இரண்டு பாடல்களின் வேகம் ஒன்றாக இருந்தால் சிங்க் பொத்தானை அழுத்தி இணைத்துவிடலாம் என்பது பாதி உண்மை. நம் குத்துப் பாடல்கள் பல ‘தகிட தகிட’ என்று மூன்று மூன்றாக ஓடும் திஸ்ர நடையில் அமைந்தவை. நடன விடுதிப் பாடல்கள் பெரும்பாலும் ‘தகதிமி’ என்று நான்கு நான்காக ஓடும் சதுஸ்ர நடை. அடியின் வேகம் ஒன்றாகவே இருந்தாலும், உள்ளே ஓடும் நடை மோதும். ஆடுபவர் கால் தடுமாறுவது இதனால்தான். இப்படிப்பட்ட இரண்டை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், முதல் பாட்டை ஒரு தாள முடிவில் நிறுத்தி, ஓர் எதிரொலி விட்டு, அடுத்ததைப் புதிதாகத் தொடங்குவது நல்லது.

1970, 80களின் திரைப்பாடல்களுக்கு இன்னொரு குணம் உண்டு. வாத்தியக் கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்து வாசித்துப் பதிவான பாடல்கள் அவற்றில் ஏராளம். அதனால் வேகம் சற்றுக் கூடும், குறையும். கணினி போட்டுத் தரும் தாளக் கட்டம் பாட்டின் நடுவே விலகிவிடும். காதால் கேட்டுக் கையால் திருத்தப் பழக வேண்டும்.

அரை நிமிடத்துக்கு ஒரு பாட்டை மாற்றுவதும் தவறு. நம் மக்கள் கேட்பதோடு நிற்பதில்லை, கூடவே பாடுவார்கள். சரணம் முடிந்து பல்லவி திரும்பி வரும் இடம்தான் அவர்கள் காத்திருக்கும் இடம். அதைக் கொடுத்துவிட்டு மாற்றுங்கள். இரண்டு பாடகர் குரல்கள் ஒரே நேரத்தில் ஒலிக்காமல், இடையிசையில் மாற்றுவது தெளிவாக இருக்கும்.

பழைய பாட்டை இளையோரிடம் கொண்டு சேர்க்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1980இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்தின் ‘மடை திறந்து’ பாடலை, யோகி பி – நட்சத்திரா குழுவினர் 2006ஆம் ஆண்டின் ‘வல்லவன்’ தொகுப்பில் ராப் இசையோடு தந்தபோது தமிழ்நாடு வரை அது கேட்கப்பட்டது.

எதிரே இருப்பவர்களைப் பாராமல் இசைப்பது

1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், தம் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டு ஓட்டியவர் கூல் ஹெர்க். பாட்டில் குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்துக்காகவே இளைஞர்கள் காத்திருப்பதை அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்த இடத்தை நீட்டினார். ஹிப் ஹாப் பிறந்த கதையை அந்த விருந்திலிருந்துதான் சொல்கிறார்கள். புதிய கருவி எதுவும் அவரிடம் இல்லை. ஆடுபவர்களைக் கவனித்ததே அவருடைய மூலதனம்.

நம் விருந்துக்கும் இது பொருந்தும். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும். அப்போது மெல்லிசை போதும். பெரியவர்களுக்குத் தெரிந்த பாடல்களை முதலில் கொடுத்தால், அவர்கள் கிளம்பிய பிறகு இளையோருக்கான நேரம் தானாக வரும். அண்டை வீட்டு மலாய், சீன நண்பர்களும் வந்திருப்பார்கள்; அவர்களும் ஆடக்கூடிய சில பாடல்கள் கையில் இருக்கட்டும். கொச்சையான வரிகள் உள்ள பாடல்களை வீட்டிலேயே கேட்டுப் பார்த்து நீக்கிவிடுங்கள். தாத்தா பாட்டி முன்னால் அசட்டுச் சிரிப்பு சிரிக்க வேண்டியிருக்காது.

மாலைத் தொழுகை அழைப்பு ஏழு மணியையொட்டி ஒலிக்கும். அந்த நேரத்தில் இசையை நிறுத்துவது நம் ஊர்களில் நெடுநாள் மரியாதை. ஒலிச் சோதனையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மணமக்கள் உறுமி மேளத்தோடு நுழையும்போது, மேளம் எப்போது ஓயும், யார் கை காட்டுவது என்று மேளக் குழுத் தலைவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மேளத்தின் மேல் பாட்டை ஏற்றுவது அந்தக் கலைஞர்களை அவமதிப்பதாகும். அறிவிப்பாளர் ஒலிவாங்கியோடு ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்தால் கிரீச்சென்று கூவும். அவர் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டிவிடுங்கள்.

குடும்பத்தார் கேட்க வேண்டியவை

டிஜேயை அமர்த்தும் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. எத்தனை மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, ஒலி அமைப்பு யாருடையது, கருவி பழுதானால் மாற்று என்ன, முன்பணம் எவ்வளவு என்பதைக் குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் வேண்டும் என்ற பத்துப் பாடல்களையும், வேண்டவே வேண்டாம் என்ற பாடல்களையும் ஒரு வாரத்துக்கு முன்பே கொடுங்கள். மண்டபத்தில் இசை எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்லுங்கள். அன்றிரவு டிஜேயிடம் பேச வீட்டில் ஒருவரை மட்டும் நியமியுங்கள். மாமா ஒரு பாட்டு, சித்தப்பா ஒரு பாட்டு என்று ஆளுக்கு ஆள் மேசைக்கு வந்து நின்றால், எந்த டிஜேயாலும் கூட்டத்தைக் கவனிக்க முடியாது.